டெல்லிக்கு வராத கடைசி அத்தியாயம்

1

இந்தக் கதை எனக்கு டெல்லி தரியாகஞ்ச் நடைபாதையில் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டரைக்கே கிடைத்திருக்கும். அவசரப்பட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு விதி உண்டு. வேண்டிய புத்தகத்தை முதலில் தொடக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் கோழி வளர்ப்புப் புத்தகத்தைப் புரட்டி, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, 'சரி, அதையாவது கொடு' என்று வேண்டியதை அலட்சியமாகக் காட்ட வேண்டும். இப்படித்தான் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் கட்டிலுக்கு அடியில் இருநூறு புத்தகங்கள் சேர்ந்தன. தமிழ்ப் புத்தகம் இன்னும் மலிவு. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. பருமனைப் பார்த்து விலை சொல்வார், தலைகீழாக அடுக்கி வைப்பார். நாம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து...

[கழுத்து வலி பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். இந்நேரம் யாராவது வந்து பேசியிருக்க வேண்டும்.]

2

முதல் முயற்சி: 'பனி விலகாத டெல்லிக் காலையில் அவள்—' வேண்டாம். அது ஏப்ரல், 1981. மண்டை பிளக்கும் வெயில்.

இரண்டாம் முயற்சி: அந்தப் பழுப்பு பைண்டிங்கைப் பார்த்ததும் நான் கத்திவிட்டேன்.

காரணம் உண்டு. வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, வீட்டிலேயே யாரோ பைண்டு செய்த தொடர்கதை அது. 'செல்விக்கு இரண்டு குடை.' எழுதியவன் நான். பகலில் மத்திய அரசு குமாஸ்தா. மிச்ச நேரத்தில் தொடர்கதைக்காரன். அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று. என்னிடம் இருந்த இதழ்களைக் கரையான் படித்து முடித்துவிட்டது. முழுக் கதையும் மாதக் கடைசிக்குள் வந்தால் புத்தகமாகப் போடுவதாக ஒரு பதிப்பாளர் எழுதியிருந்தார். பத்து வருடம் எழுதியும் என் பெயரில் ஒரு புத்தகம்கூட இல்லை.

கையை நீட்டினேன். மறுமுனையை இன்னொரு கை பிடித்தது.

"ஏனுங்க, விடுங்க. அது என்ற புஸ்தகம்."

"நான்தான் முதல்ல பாத்தேம்மா."

"நான்தானுங்க பைண்டே பண்ணினேன்!"

3

சாந்தகுமாரி. ஊர் ஈரோடு, இப்போது ஆர்.கே.புரம். பின்னால் கணவர் சுப்பையா, ஐ.என்.ஏ. மார்க்கெட் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு. [பத்திரிகை ஆசிரியர் இங்கே கொஞ்சம் காதல் கேட்பார். அவருக்கு முருங்கைக்காயைக் காட்டவும்.]

"வீடு மாத்தறப்ப இவரு பழைய பேப்பரோட கபாடிக்காரனுக்கு எடைக்குப் போட்டுட்டாருங்க. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமையானா இவரையும் இழுத்துட்டு வந்து தேடறேன்."

"ஆயுள் தண்டனை," என்றார் சுப்பையா.

இரண்டு பேர் இழுப்பதைக் கண்ட கடைக்காரர் ஐந்து ரூபாய் என்றார். சாந்தகுமாரி கடைசிப் பக்கங்களை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "தேக்கோ பையா, அச்சே இல்ல, கையெழுத்து! ஓட்டைப் புஸ்தகத்துக்கு அஞ்சா?" பாதி தமிழ்தான். ஆனாலும் விலை மூன்றுக்கு இறங்கியது. நான் சட்டென்று கொடுத்துவிட்டேன்.

கையெழுத்தா? வாங்கிப் பார்த்தேன். இருபத்தாறு அத்தியாயம் அச்சு. கடைசி அத்தியாயம் மட்டும் நீல மையில் நான்கு பக்கம்.

"எழுபத்தி நாலு மே மாசம் ரயில்வே ஸ்டிரைக்குங்க. டெல்லிக்கு வண்டியும் வரலை, பத்திரிகையும் வரலை. அப்புறம் வந்த கட்டுல அந்த ஒரு வாரம் மட்டும் இல்லை. செல்வி யார் குடைக்குள்ள போனான்னு தெரியாம எத்தனை நாளுக்கு இருக்கறது? நானே எழுதி ஒட்டிட்டேன்."

அச்சுப் பக்கங்களின் ஓரங்களிலும் அதே மை: 'இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. காபி குடிக்கிறார்கள்.'

"இதை எழுதினது நான்தாம்மா," என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? பதினாலாவது வாரம் கல்யாணராமனுக்கு எதுக்குங்க டைபாய்டு?"

"ரெண்டு வாரம் இழுக்கச் சொன்னாங்க."

"நெனச்சேன். சரி, இப்பச் சொல்லுங்க. நெசத்துல செல்வி யார் குடைக்குள்ள போனா? ஏழு வருசமாக் காத்திருக்கேன்."

4

வாசகரே, எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் ஒரே சமயத்தில் மூன்று தொடர்கள். மூன்றின் முடிவிலும் நாதஸ்வரம் வாசித்தார்கள். செல்விக்குக் கல்யாணம் நடந்தது நிச்சயம். மாப்பிள்ளை யார் என்பதுதான் மறந்துவிட்டது. அந்த இதழ் டெல்லியில் எனக்கும் வரவில்லை.

முடிவு அ: கல்யாணராமன். (டைபாய்டு வந்தவன் மேல் எல்லாருக்கும் பரிவு.)

முடிவு ஆ: வெங்கடராமன். (குடை பெரியது.)

முடிவு இ: நீல மை. மழையில் இரண்டு பேரும் குடையை நீட்டுகிறார்கள். செல்வி இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே ஓடி பஸ் பிடிக்கிறாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. பின்னலைப் பிழிந்துகொண்டே சிரிக்கிறாள்.

நடைபாதையில் நின்றே படித்தேன். இன்னொரு தடவையும் படித்தேன். இதை நான் எழுதியிருந்தால்—

"நீங்க எழுதினதேதாம்மா," என்றேன். "அச்சுலயும் அதேதான்."

சாந்தகுமாரி என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பதிப்பாளர் விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை என்னிடமே நீட்டினார்.

"மாசக் கடைசி ஞாயிறு, இதே எடம். காப்பி பண்ணிட்டுத் திருப்பிக் கொண்டாங்க. அதேதானுங்களே? அப்ப ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுடுங்க."

5

இருபத்தாறு அத்தியாயம் பார்த்து எழுதி முடித்துவிட்டேன். நீல மைப் பக்கங்களுக்கு எதிரே பேனா நிற்கிறது. அட்டையில் என் பெயர் மட்டுமா? அவருடையதுமா? அவர் பெயரைப் போட்டால் நான் சொன்ன பொய் வெளியாகும். போடாவிட்டால் பொய் புத்தகமாகும்.

[இங்கே ஒரு முடிவு எழுதினேன். அதில் எல்லாரும் காபி குடித்தார்கள். அடித்துவிட்டேன்.]

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்த மே மாத இதழ் இருந்தால், தயவுசெய்து இறக்காதீர்கள். மற்றதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்: அவர் ஏன் சிரித்தார், ஞாயிறன்று நான் என்ன சொல்ல வேண்டும், எல்லாவற்றையும். சீக்கிரம் முடியுங்கள். சாந்தகுமாரி நீங்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையும் வாங்குகிறவர். இப்போது ஸ்டிரைக் ஒன்றும் இல்லை. ரயில் நேரத்துக்கு வருகிறது.