ஃபார்மில் இல்லாத கேள்வி

'சொல் பேச்சு கேட்காத நோயாளி' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாள் என் மருத்துவ மாணவி. சர்க்கரை, இடது பாதத்தில் புண், மூன்று மாதத்தில் மூன்றாவது அட்மிஷன். காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியும் அந்த அம்மா கொடுக்கவில்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியின் வீடு, வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வைத்தியம் பாருங்கள் என்று ஒரு மாதமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். நான் கொடுத்த ஃபார்மில் இருபது கேள்வி. இருபதுக்கும் அழகாக டிக் அடித்திருந்தாள். 'வேலை: உண்டு.' அத்தோடு சரி.

"என்ன வேலைன்னு கேட்டியா?"

"அது ஃபார்ம்ல இல்ல மேடம்."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபார்ம் தயாரித்த மகராசி நான்தான், அது வேறு விஷயம்.

"போய்க் கேளு. கேட்டுட்டு சும்மா வராத, ஏதாவது செஞ்சுட்டு வா."

அரை மணி நேரத்தில் முகமெல்லாம் பல்லாக வந்தாள். அந்த அம்மாவுக்குத் துணிக்கடை வாசலில் காவல் வேலை. பத்து மணி நேரம் நிற்க வேண்டும், உட்காரக் கூடாது.

"கடை நம்பரைத் தேடிப் பிடிச்சு முதலாளிக்கே போன் பண்ணிட்டேன் மேடம்! சர்க்கரை, கால்ல புண்ணு, இப்படியே நின்னா விரலை எடுக்க வேண்டி வரும்னு விவரமா சொன்னேன். யோசிச்சு சொல்றேன்னார்."

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே பண்ணின?"

"நல்ல சேதியா வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

அவளையும் இழுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சர்க்கரை இருக்குன்னு சொல்லாமதான் வேலைக்குச் சேந்தேன் டாக்டரம்மா. போன மாசம் ஒருத்திக்கு முட்டி வலின்னு தெரிஞ்சதும், நாளைலேருந்து வராதன்னுட்டாங்க. என் ரெண்டு பிள்ளைங்களும் இன்னும் படிச்சிட்டிருக்குதுங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாணவி விசும்ப ஆரம்பித்தாள். அவள் மேல் எரிந்து விழத்தான் வாயைத் திறந்தேன். ஏதாவது செய்துவிட்டு வா என்று விரட்டியது யார்? கேட்டுவிட்டுச் செய் என்று ஒரு மாதத்தில் ஒரு நாளாவது சொல்லித் தந்தேனா?

தலையணைக்கு அடியில் போன் அடித்தது. அந்த அம்மா எடுத்துப் பார்த்தார்.

"முதலாளி."

மாணவி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அந்த அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஆரம்பிச்சதுதானே. நீங்களே பேசுங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.