நெவில் பார்க்காத ஆட்டம்

எங்கள் வெரிங்கூல் மைதானத்து கேன்டீனின் முன்பக்க ஜன்னலில் நின்றால் ஆட்டம் தெரியும். பின்கதவில் நின்றால் சாலையும் கோதுமைக் கிடங்கும் மட்டுமே தெரியும். சனிக்கிழமைதோறும் நான் இரண்டுக்கும் நடுவில் நின்று சிப்ஸ் பொரிக்கிறேன். ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்து மீது எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது. முட்டை வடிவப் பந்துக்காகப் பெரியவர்கள் அழுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

மூன்று பருவங்களில் எங்கள் அணி ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. அன்று நெவில் ட்ரெலோர் பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் தோற்றே பழகின ஊருக்கு ஒரு காக்கை கிடைத்தால் விடுமா? அன்றிலிருந்து நெவில் ராசியில்லாதவர்.

பாவம், அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மகன் டேமியன்தான் அணித் தலைவன். முட்டி தேய்ந்துபோய் இந்தப் பருவத்தோடு விலகுகிறான். அவன் ஜெயிப்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காக மழையோ வெயிலோ, வேலியோரம் முதலில் வந்து நிற்பது நெவிலின் வெள்ளை வண்டிதான்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமையன்று எதிரணி கெல்வின்டன், பட்டியலில் முதலிடம். எங்களுக்கு அது கடைசிக்கு முந்தைய ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது நாங்கள் நான்கு பாயின்ட் முன்னால் இருந்தோம். யாராலும் நம்ப முடியவில்லை. டீ வாங்க வந்த நெவிலை மன்றத் தலைவர் லிண்டன் ஜன்னலருகே மடக்கினார்.

"தப்பா நெனைக்காதப்பா. நாலு பாயின்ட் முன்னாடி இருக்கோம்."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"அதான்யா பிரச்சினையே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு நேரமும் இவன் பாத்துட்டுதானே இருந்தான், லிண்டன்? அப்புறம் எப்படி முன்னாடி வந்தீங்க?"

"பாதி ஆட்டத்துல முப்பது பாயின்ட் முன்னாடி இருந்தோம், கிளெனிஸ். இவன் பாக்கப் பாக்க நாலா கரைஞ்சிருச்சு!"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது? நெவில் ஒரு நிமிடம் மைதானத்தைப் பார்த்தார். பிறகு கழுத்துத் துண்டைக் கழற்றி மடித்துக்கொண்டு, கேன்டீனுக்குள் நுழைந்து பின்கதவுக்குப் போனார்.

"வீட்டுக்கா?" என்றேன்.

"இல்ல, இங்கயே நிக்கறேன். சத்தம் கேக்கறது கணக்குல வராது."

"என்ன நடக்குதுன்னு நான் சொல்லட்டா?"

"வேணாம். நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான்."

எங்கள் மைதானத்தில் கோல் விழுந்தால் யாரும் கை தட்டுவதில்லை, சுற்றி நிற்கும் கார்களின் ஹாரனை அடிப்போம். எங்கள் வண்டிகள் கேன்டீன் பக்கம், வந்தவர்களின் வண்டிகள் பைன் மரங்களின் பக்கம். மரப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அங்கிருந்தே கேட்டது. நெவில் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது இந்தப் பக்கம்.

"அது மக்கின்லே வீட்டு லாரி. நம்ம கோல்," என்றார்.

ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்தது. ஆனால் எந்தப் பக்கமும் ஹாரன் இல்லை.

"ஏன் ஒருத்தனும் அடிக்கல?"

"சொல்லக் கூடாதுன்னியே?"

"சொல்லித் தொலை, கிளெனிஸ்!"

"ரெண்டு பாயின்ட் பின்னாடி இருக்கோம். சைரனுக்கு முந்தியே உன் பையன் எகிறிப் பந்தைப் புடிச்சிட்டான். அதனால உதைக்க விடுறாங்க. நடுவுல இருக்கற ரெண்டு கம்பத்துக்கு இடையில போனா ஆறு பாயின்ட், நாம ஜெயிச்சோம். வாய்யா, வந்து பாரு!"

அவர் உள்ளே வந்தார். எண்ணெய்ச் சட்டி வரைக்கும் வந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் ஜன்னல். என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிப் போய் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார். சந்தேகத்துக்கே இடம் வேண்டாமென்று கண்ணையும் மூடிக்கொண்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

டேமியன் நொண்டி நொண்டி ஓடிவந்து உதைத்தான். பந்து ஆடி ஆடிப் போய் நடுவில் விழுந்தது. வேலியோரம் இருந்த எங்கள் வண்டிகள் அத்தனையும் ஒன்றாக அலறின.

"நம்ம பக்கம்தானே?" என்றார் நெவில், இன்னும் கண்ணைத் திறக்காமல்.

அதன்பிறகு ஊரே கோட்டி பிடித்ததுபோல் ஆனது. லிண்டன் புல்லில் உருண்டார். மக்கின்லே அம்மாள் நடுவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். வெற்றிப் பாட்டின் இரண்டாவது அடி யாருக்கும் நினைவில்லாததால் முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். என் சிப்ஸ் கரியாகிக் கிடந்தது, கேட்பார் இல்லை. பின்கதவில் பெரிய கூட்டம். "நீதான்யா ஜெயிக்க வெச்ச!" என்று ஆளாளுக்கு நெவிலின் கையில் பீரைத் திணித்தார்கள். அவருக்கும் வாயெல்லாம் பல்.

சேறும் வியர்வையுமாக டேமியன் வந்து அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"நான் உதைக்கறப்பகூட பாக்கலையாமே?"

"பாக்கலடா."

அவன் அப்பாவின் வழுக்கைத் தலையில் முத்தமிட்டான். "அடுத்த சனிக்கிழமை எனக்குக் கடைசி ஆட்டம்ப்பா."

"தெரியும்டா."

"அன்னிக்கும் இங்கயே நிப்பீங்கல்ல?"

கூட்டம் சிரித்தது. டேமியன் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டான். நெவில் கையிலிருந்த பீரை ஒரு வாய் குடித்தார்.

"நிக்காம எங்க போகப் போறேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு நாற்காலி மட்டும் போட்டு வெச்சிரு, கிளெனிஸ். சாலையப் பாத்த மாதிரி."