ஊமைக்கோளின் கடைசி அத்தியாயம்

திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய அந்தச் சுருட்டுக் கொட்டகையில் வேலை பார்த்த ஒச்சம்மாளுக்குச் சுருட்டுச் சுற்றத் தெரியாது. தெரியாமலே பல வருஷம் அங்கே சோறு தின்றாள் என்றால், அதற்குக் காரணம் அவள் தொண்டை. மற்றவர்கள் புகையிலை நரம்பைக் கிழிப்பார்கள், சுற்றுவார்கள். அவள் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, பேப்பரோ கதைப் புத்தகமோ கணீரென்று வாசிப்பாள். அவளுக்கான சுருட்டை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். அந்தத் தட்டு நிறைந்தால்தான் அவள் வீட்டு அடுப்பு எரியும்.

எட்டாவது வரை படித்தவள். புருஷன் கொடைரோட்டில் ரயிலேறியவன், திரும்பவில்லை. ஏன் போனான் என்று தெருவில் ஆளுக்கொரு கதை உண்டு. அதில் ஒன்றிரண்டு அவளே கிளப்பிவிட்டது என்றும் சொல்வார்கள். ஆனால் கொட்டகைக்குள் அவள் வேறு ஆள். அச்சில் இருப்பதற்கு மேல் ஓர் எழுத்துக் கூட்டமாட்டாள் என்று சுற்றுகாரர் சனாவுல்லா தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்.

அந்த வருஷம் ஊரையே ஆட்டிவைத்தது ‘ஊமைக்கோள்’ என்ற வானொலித் தொடர். வாரம் தவறாமல் நகராட்சிப் பூங்கா ஒலிபெருக்கியின் கீழே திண்டுக்கல்லில் பாதி கூடும். வானக்கப்பல் ஒன்று, யாருமே பேசாத ஒரு கோளில் இறங்குகிறது. இறங்கியவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பேச்சு நின்றுபோகிறது. ஏன் என்பது கடைசி வாரம் தெரியும் என்றார்கள். கடைசி வாரம் இடி விழுந்து பூங்கா ரேடியோ புகைந்துவிட்டது. வானக்கப்பல் தலைவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஊர் மூச்சுமுட்டிக் கிடந்தது.

இந்தச் சமயம் பார்த்து மேஸ்திரி முனியப்பன் முதலாளி காதில் ஓதினான். கொட்டகைக்கே ஒரு ரேடியோ வாங்கிப் போட்டால் என்ன?

“ரேடியோவுக்குத் தொண்டை கட்டாது, தும்மாது. தட்டும் நிறைக்க வேண்டியதில்ல பாரு” என்று ஒச்சம்மாளிடமே சொல்லிச் சிரித்தான்.

அப்போதுதான் சனாவுல்லா ரயிலடிக் கடையிலிருந்து புத்தகத்தோடு வந்தார். ‘ஊமைக்கோள்: வானொலியில் கேட்டது, இப்போது முழு நாவலாக!’ அட்டையில் வானக்கப்பல் வழவழவென்று பறந்தது. அவளுக்கு உயிர் வந்தது. ரேடியோ சொல்லாமல் விட்ட முடிவைத் தான் வாசித்துவிட்டால், அப்புறம் எவன் ரேடியோவைத் தேடுவான்?

மறுநாள் காலையில் தொடங்கினாள். முதல் அத்தியாயம் முழுக்கக் கதாநாயகியின் சேலை. இரண்டாவதில் அதற்கேற்ற ரவிக்கை. எழுதிய ஆசாமி தொடரைக் காதால் கேட்டிருப்பானா என்பதே சந்தேகம். கோள் கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்டாகிவிட்டது.

“ஏந் தாயி, வானத்துக்குப் போறோமா, இல்ல ஜவுளிக்கடைக்குப் போறோமா?” என்று கொட்டாவி விட்டார் சனாவுல்லா.

நரம்பு கிழிக்கும் பேச்சாயி, “அந்தச் சேலை எம்புட்டுன்னாச்சும் போட்டிருக்கானாக்கா?” என்று கேட்க, கொட்டகை கொல்லென்றது.

“இதுக்கு ரேடியோவே தேவல” என்றான் மேஸ்திரி. அன்று காலை அவள் தட்டில் விழுந்த சுருட்டுகள் காற்றடித்தால் பறந்துவிடும்.

மத்தியானம் எல்லோரும் சோற்று வாளியைத் திறந்தபோது அவள் புகையிலை மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள் போய்ப் புத்தகத்தைக் கடைசிவரை புரட்டினாள். வானக்கப்பல் ஒரு சர்க்கஸ் கூடாரமாம். பேச்சு நின்றது இருமல் மருந்தில் செய்த கலப்படமாம். துப்பறிபவன் வந்து பிடிக்கிறான், தலைவனுக்குக் கல்யாணம், சுபம். இதை வாசித்தால் நாளைக்கே முக்காலி போய்விடும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை விரித்தாள். கண் எழுத்தில் ஓட, வாய் வேறொன்றைச் சொல்லத் தொடங்கியது.

அந்தக் கோளில் ஒரு குரல் இருந்தது என்றாள். அதற்கு உடம்பு கிடையாது. பிறர் பேச்சைத் தின்று வாழும். அது வருவதற்கு முன் ஒரு சத்தம் கேட்கும்: கல் தரையில் பித்தளைச் செம்பு உருண்டு, உருண்டு, சுவரில் முட்டி நிற்கும் சத்தம்.

அந்தச் செம்பு அவள் வீட்டுச் செம்பு. புருஷன் போன அன்று விட்டெறிந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தெருவுக்கே தெரியாத சங்கதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வானக்கப்பல் தலைவன் பூமிக்குத் திரும்புகிறான். குரலும் கூடவே வருகிறது. தங்க இடம் தேடி ஒரு ரேடியோப் பெட்டிக்குள் குடியேறுகிறது. கடைசியில் செம்பு உருள்கிறது, பெட்டி பேசுகிறது: “இனி நாங்கள் பேசுகிறோம். நீங்கள் கேட்டால் போதும்.”

புத்தகத்தை மூடினாள். சுற்றும் கைகள் நின்றிருந்தன. பேச்சாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், நல்ல வெயிலில். அன்று தட்டு வழிந்தது.

“மேஸ்திரி, ரேடியோ கீடியோன்னு பேச்செடுத்தே, நான் வேற கொட்டகை பாத்துக்குவேன்” என்றார் சனாவுல்லா. உடனே அவளிடம் திரும்பி, “புத்தகத்தக் குடு தாயி, எம்மவ படிக்கணும்கிறா” என்றார்.

“நாளைக்குத் தாரேன் பாய்” என்றாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அடுப்பில் வைத்தாள். தாள்கள் சருகாய் எரிந்தன. வழவழ அட்டை மட்டும் சுருண்டு சுருண்டு, எரிய மனமில்லாமல் கிடந்தது. மறுநாள் சனாவுல்லாவிடம், எலி கடித்துவிட்டது என்றாள். எலிக்கும் நல்ல கதை பிடிக்கும் போல என்று அவர் விட்டுவிட்டார்.

முதலாளி விடவில்லை. சுற்றுகாரர்கள் பயப்படுகிறார்கள் என்று கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்து, ரேடியோவை அந்த வாரமே இறக்கிவிட்டார். பெட்டி சுவரோரம் வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. தைரியசாலி என்று பேரெடுத்த மேஸ்திரியே விசையைக் கம்பால் நெம்பித்தான் திருகினான். பாட்டு வந்தது, செய்தி வந்தது, மழை நிலவரம் வந்தது. யாரும் ஊமையாகவில்லை. பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேலியானது. ஒச்சம்மாள் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள், ரேடியோ ஓயும் நேரங்களில்.

பிறகு ஒருநாள் அறிவித்தார்கள். நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க ‘ஊமைக்கோள்’ கடைசிப் பகுதி மறுபடி ஒலிபரப்பாகும். நாளைக் காலை.

ஒச்சம்மாள் அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். சர்க்கஸோ, இருமல் மருந்தோ, எது வந்தாலும் தன் பொய் அம்பலம். அச்சில் இல்லாததை வாசித்தவளுக்கு எவன் சுருட்டுப் போடுவான்? ஒப்புக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் மறுநாள் போனாள். வாசலில் நுழையும்போதே முகப்பு இசை தொடங்கிவிட்டது.

தலைவன் பூமிக்குத் திரும்பினான். அவள் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கல் தரையில் ஒரு பித்தளைச் செம்பு உருண்டது. உருண்டது. சுவரில் முட்டி நின்றது.

“இனி நாங்கள் பேசுகிறோம். நீங்கள் கேட்டால் போதும்.”

சனாவுல்லா தொடையில் ஓங்கி அடித்தார். “பாத்தியா! அச்சுப் பிசகாம அப்படியே இருக்கே! ஒச்சம்மா ஒரு எழுத்துக் கூட்டலேன்னு நான் சொன்னேனா இல்லியா?”

“இதுக்குத்தேன் இம்புட்டுப் பயந்தோம்” என்று பேச்சாயி சிரித்தாள். “நமக்குத்தேன் முன்னாடியே தெரியுமே!”

மேஸ்திரியும் சிரித்தான். “ரெண்டும் ஒண்ணுதேன்னு ஆயிப்போச்சு. அப்புறம் எதுக்கு ரெண்டு? செத்த எந்திரிம்மா.”

அவள் எழுந்தாள். அவன் ரேடியோவைத் தூக்கி நடுவே இருந்த முக்காலியில் வைத்தான். எல்லோர் காதுக்கும் நன்றாக எட்டும்.

அது புத்தகத்தில் இல்லை, நான் கட்டியது, அந்தச் செம்பு என் வீட்டுச் செம்பு என்று சொல்லத்தான் ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். பேச்சாயி பழக்கத்தில் ஒரு சுருட்டை அந்தத் தட்டுக்கு நீட்டினாள். மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலேயே போட்டுக்கொண்டாள்.

இப்போது கொட்டகையில் வேலை முன்னைவிட வேகம் என்று முதலாளிக்குச் சந்தோஷம். ஒருவரோடொருவர் பேசுவதும் குறைந்துவிட்டதாம். ஒச்சம்மாள் ஆத்தூர்ப் பக்கம் பூப்பறிக்கப் போகிறாள். பறித்தது எத்தனை படி என்று கேட்டால் விரலைக் காட்டுகிறாள். ஏன் பேசுவதில்லை என்று தெருவில் ஆளுக்கொரு கதை உண்டு. இந்த முறை அதில் ஒன்றுகூட அவள் கிளப்பிவிட்டது இல்லை.