எட்டு வருஷத்து மரம்

நெவென்கா ஐந்தாவது கம்பத்தில் பசை தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கெட்ட சேதி கையில் இருந்தால் அவளுக்கு மூட்டுவலி இருப்பதில்லை.

"அக்கா, பஸ் ஸ்டாப்புல ஒட்டினதை எவனோ கிறுக்கி வெச்சிருக்கான். நான் சொன்னேன்னு சொல்லாத."

"சொல்றதுக்குன்னே ஓடி வந்துட்டு, சொன்னேன்னு சொல்லாதயா?" நெவென்கா பசை வாளியை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

காலையில்தான் லோம் நகரத்து அச்சகத்திலிருந்து தம்பி பென்ச்சோவின் மரண அறிவிப்புகளை வாங்கி வந்திருந்தாள். சிலுவை, படம், பெயர், வயது அறுபத்தொன்று. கீழே, 'ஆழ்ந்த துயரத்தில் அக்கா நெவென்கா.' அந்த 'ஆழ்ந்த'வை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தாள். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம் என்றான் அச்சகக்காரன். பென்ச்சோவுக்கு இருந்ததே ஒரு படம், கன்று விற்ற கம்பெனியின் நீலத் தொப்பியோடு எடுத்தது. தொப்பியை வெட்டச் சொன்னதில் நெற்றியும் பாதி போய்விட்டது.

பஸ் நிறுத்தத்துக் கண்ணாடியில் அந்த அரை நெற்றிக்குக் கீழே நீலப் பேனாவால் எழுதியிருந்தது: '8 வருஷத்தில் பலன்!'

பதினான்கு வருடங்களுக்கு முன்பு தலைநகர் சோபியாவிலிருந்து வந்த கம்பெனி ஒன்று ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டது. பவுலோனியா என்ற சீனத்து மரம். உலகத்திலேயே வேகமாக வளர்வது. எட்டே வருஷத்தில் அறுவடை, வெட்டினால் மறுபடி தழையும், கட்டையை நாங்களே வந்து வாங்கிக்கொள்வோம், கன்றை மட்டும் எங்களிடம் வாங்குங்கள். இந்த வட்டாரம் முழுக்க அந்தக் கன்றுகளை விற்றுக் கொடுத்தவன் பென்ச்சோ. அதற்கு முன்பு கூட்டுப்பண்ணையில் பம்புசெட் ஓட்டியவன். பண்ணை கலைந்த பிறகு எதையுமே ஓட்டாதவன். நீலத் தொப்பி தலையில் ஏறியதும் வேளாண் நிபுணன் ஆகிவிட்டான்.

மரம் வளரத்தான் செய்தது. அதில் கம்பெனி பொய் சொல்லவில்லை. ஆனால் டான்யூப் கரைக் குளிரில் ஒவ்வொரு ஜனவரியும் நுனி கருகி, வசந்தத்தில் பக்கத்துக்கொன்றாகக் கிளைத்து, கவட்டையும் கணுவுமாக, நடுவில் வெறும் துளையோடு வளர்ந்தது. எட்டாம் வருஷம் கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. ஒன்பதாம் வருஷம் அந்த எண்ணே இல்லை. மர வியாபாரி ஒருவன் வந்து அடிமரத்தை விரலால் தட்டிப் பார்த்தான். "முட்டைப் பெட்டி செய்யலாம், முட்டை கனமில்லாம இருந்தா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறிவிப்பைச் சுரண்டி எடுக்கப் போன நெவென்கா அந்த எட்டைப் பார்த்து நின்றாள். சின்னதாக ஒரு வட்டம், அதன் தலையில் இன்னொரு வட்டம். நாற்பது வருடம் இந்த ஊர்த் தபாலைப் பிரித்தவள் அவள். இப்படி எட்டு போடுகிறவன் ஊரில் ஒருவன்தான்.

லோசான் தன் வீட்டு முற்றத்தில் இரும்புத் தகட்டின் மேல் சிவப்புக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைப்பதற்கு. அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வா, உக்காரு. விட்டா கருகிடும்."

"உக்கார வரல. எட்டு எப்படிப் போடணும்னு பள்ளிக்கூடத்துல உனக்குச் சொல்லித் தரலயா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தாள். சிரித்தான்.

"தபால் பிரிச்ச கண்ணு. போகுமா?"

"செத்தவன் முகத்துல கிறுக்கறியே, உயிரோட இருந்தப்போ என்ன பண்ணின? வாசல்ல வந்து கேட்டியா? சட்டையைப் புடிச்சியா? தினம் சாயந்திரம் அதே பெஞ்சுல அவன் பக்கத்துல உக்காந்து ரக்கியா குடிச்ச."

"அவன் ஊத்தினான், குடிச்சேன். அவன்கிட்டருந்து எனக்கு வந்த பலன் அது ஒண்ணுதான்."

"கன்று நடச் சொல்லி உன் கழுத்துல எவனாவது கத்தி வெச்சானா? நல்ல சோளக் காடு. உழ வேண்டாம், களை எடுக்க வேண்டாம், படுத்துக்கிட்டே பணக்காரனாகணும். ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னீங்க, ஈ பூந்துச்சு. இப்போ ஈ மேல கோவம்."

லோசான் மிளகாயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பென்ச்சோ சொன்னான்னு இந்த ஊர்ல எவன் நட்டான்? அவன் மழை வருதுன்னு சொன்னா நாங்க துணி காயப் போடுவோம். நீ நட்ட, நெவென்கா. ஒரு ஸ்டாம்புக்கு ரெண்டு தடவை சில்லறை எண்ணிப் பார்க்கிறவ. உன் ஆத்தோர நிலத்துல டிராக்டர் குழி போடறதை இந்தக் கண்ணால பார்த்தேன். இவளே நடறான்னா ஏதோ இருக்குன்னு அன்னிக்குச் சாயந்திரமே போய்க் கையெழுத்துப் போட்டேன். நான் மட்டுமில்ல, எங்க தெருவே."

மிளகாய்த் தோல் வெடித்து நீர் தகட்டில் சீறியது. மூன்று நாள் சமையலறையில் பின்னாலேயே சுற்றி வந்து, "யாராவது ஒருத்தர் முதல்ல போடணும்க்கா, ஒருத்தர் போட்டா போதும்" என்று கெஞ்சிய தம்பியைப் பற்றி இவனிடம் என்ன சொல்வது? அந்தத் தொப்பியைப் போட்ட பிறகு அவன் முதுகு நிமிர்ந்து நடந்தான் என்பதையா?

"நாளைக்குப் பதினோரு மணி" என்றாள். "கல்லறை மேட்டுப் பாதை சேறு. வண்டி ஏறாது. பெட்டியைத் தூக்கக் குழி வெட்டற ஆளுங்க ரெண்டு பேரு, ஊர்லருந்து கிரில் ஒருத்தன். நாலாவது ஆள் இல்ல."

"எனக்குத் தோள்பட்டை வலி."

"பேனா புடிக்கறப்போ வலிக்கலயோ?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள்.

வீட்டில் முன்னறையில் பென்ச்சோ படுத்திருந்தான். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. ஸ்லாவ்காவும் இன்னும் இரண்டு பெண்களும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு நல்ல சாவு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வலி தெரியாம போயிட்டான். சூப்பு சாப்பிட்டுக்கிட்டே. கொடுத்து வெச்சவன்."

"சூப்பு சாப்பிடல" என்றாள் நெவென்கா. "தொடக்கூட இல்ல."

அவர்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அது. பீன்ஸ் சூப்பை அவன் முன்னால் வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தவன், "அக்கா, துருக்கிலருந்து ஒருத்தன் போன் பண்ணினான். மரத்தைப் பார்க்க வர்றானாம்" என்றான். இந்தப் பதினான்கு வருடத்தில் இப்படி எத்தனை பேர் வரவிருந்தார்கள்! "வரட்டும்" என்றாள் அவள். "லாரியில உன்னையும் சேர்த்து ஏத்திவிடறேன். ரெண்டும் உள்ள ஒண்ணுமில்லாத கட்டைதான்." அவன் கரண்டியை வைத்துவிட்டு, மேசைமேல் கையை மடித்து அதில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஏழு வயதிலிருந்தே கோபம் வந்தால் அப்படித்தான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியைத் தேய்த்தாள். தேய்த்தபடியே பேசினாள். ஆற்றோர நிலம், பல்லிளித்துக்கொண்டு ஓடிப்போன கம்பெனி, இவனை விட்டுப்போன மனைவி, அவளுக்கு இருந்த புத்தி, எல்லாம் வந்தது. சட்டியைக் கவிழ்த்து, துணியைப் பிழிந்து காயப்போட்டு, "நடிச்சது போதும், சூப்பு ஆறுது" என்று திரும்பியபோது சூப்பின் மேல் ஏடு கட்டியிருந்தது.

வந்த டாக்டர் ஒரு நொடியில் போயிருக்கும் என்றார். எந்த நொடி என்று சொல்லவில்லை. எதுவரை கேட்டான், எது காதில் விழாமல் தப்பித்தான் என்று அவள் பேசியதை எல்லாம் நேற்றிலிருந்து வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை சரியாக வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு லோசான் வரவில்லை. பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் அவருக்கு ஒரு ஞானஸ்நானம் இருந்தது. வண்டி மேட்டின் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குழிவெட்டிகள் இருவரும் சிகரெட் பிடித்தார்கள். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். ஆண்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லோருக்கும் அன்று காலை ஏதோ வேலை வந்துவிட்டது.

"இதுங்களுக்குச் சாவு வீட்டுக்கு வரவும் எட்டு வருஷம் ஆகும் போல" என்று நெவென்கா உரக்கவே சொன்னாள். கோதுமைக் கிண்ணத்தை ஸ்லாவ்காவிடம் கொடுத்தாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியின் முன்பக்கத்து மூலைக்கு வந்து குனிந்தாள்.

"தள்ளு" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

சவரம் செய்யாத முகம், வேலைக்குப் போகும் சட்டை. லோசான் அவளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அந்த மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கிரில் மற்ற மூலையை, குழிவெட்டிகள் பின்பக்கத்தை. மேடு முழுக்க லோசான் திட்டிக்கொண்டே வந்தான். சேற்றைத் திட்டினான், நகராட்சியைத் திட்டினான், காலை ஒத்து வைக்காத கிரிலைத் திட்டினான். வேகத்தடை மாதிரி ஒரு வேர் குறுக்கே வந்த இடத்தில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. "அசையாம படுடா பென்ச்சோ, இப்போவாவது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினான். பாதிரியார் கேட்காததுபோலத் தூபக்காலை ஆட்டினார்.

குழியில் இறக்கி, மது ஊற்றி, மண் போட்டாயிற்று. நெவென்கா வேகவைத்த கோதுமையைச் சர்க்கரையோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு வந்தாள். வாங்குகிறவர்கள் "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். எல்லோரும் சொன்னார்கள். லோசான் கையை நீட்டி வாங்கினான். ஒன்றும் சொல்லாமல் மென்றான். ஸ்லாவ்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கிய பிறகு, "மன்னிக்கட்டும்" என்றான். "கடவுளுக்கென்ன, அவரு நிலமா போச்சு."

யாரோ ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார். நெவென்கா அவன் உள்ளங்கையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டுவந்தவர்கள் வேகமாக இறங்கிப் போய்விட்டார்கள். பத்துப் பதினோரு பேருக்குச் செய்த அளவா அது? கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நெவென்கா கடைசியாக வந்தாள். கொஞ்சம் முன்னால் லோசான் தோளைப் பிடித்து உருட்டிக்கொண்டே நடந்தான்.

பாதை அவன் நிலத்தின் ஓரமாக இறங்கியது. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பவுலோனியா மரம் விடாமல் வெட்டிச் சாய்த்திருந்தான். ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஐந்தாறு போத்துகள், இரண்டு ஆள் உயரத்துக்கு, வேலியை நெருக்கிக்கொண்டு நின்றன. லோசான் கையை எட்டி ஓர் இலையை ஒடித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். நாலடி நடந்தான். நின்றான். இன்னொன்றை ஒடித்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினான்.

"புடி. இதுக்காவது ஆகட்டும்."

நெவென்கா வாங்கிக்கொண்டாள். முறம் அகலத்துக்கு இருந்தது, அடிப்பக்கம் பூனைக்காது போல மெத்தென்று. அவள் அதைத் தலைக்குப் பிடிக்கவில்லை. கோதுமைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து, காற்று தூக்காமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, சேற்றில் கால் பார்த்து வைத்து இறங்கினாள்.