ஒரு சைபர்

ஜீவராணி வேலை பார்த்த கடைக்கு வாசலோ பலகையோ கிடையாது. தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்களும் டின் அடுக்கிய ஒரு ராக்கையும்தான் கடை. முதலாளி கிருஷ்ணராஜ் அங்கிருந்து இணையத்தில் வெளிநாடுகளுக்குத் தேயிலை விற்றார். மேலே மலையில் ஒரு சிறு தோட்டத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஜீவராணி பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டியிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில். அவளுடைய அம்மா புஷ்பமும் இன்னும் நான்கு பெண்களும் இலையைத் தொடாமல் குருத்தை மட்டும் கிள்ளிக் கொடுப்பார்கள். காயவைத்து, ஐம்பது கிராம் டின்னில் அடைத்து விற்கும் அந்தக் குருத்துத்தான் கடையில் விலை கூடிய சரக்கு.

விலை முதலில் டாலரில் மட்டும் இருந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் காசில் எவ்வளவு என்று தெரியாமல் பாதியிலேயே போய்விடுகிறார்கள் என்பதை ஜீவராணிதான் கவனித்தாள். யார் எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் அந்த நாட்டுக் காசில் விலை தெரியும்படி மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினாள். அந்த மாதம் இரண்டு மடங்கு டின்கள் போயின. கிருஷ்ணராஜ் எல்லோர் முன்னாலும் அவளைக் கெட்டிக்காரி என்றார்.

டவுனில் தங்கி வேலை பார்த்தவள், பௌர்ணமிப் போயா லீவுக்கு வீட்டுக்குப் போனாள். அம்மாவின் போனிலேயே கடையைத் திறந்து காட்டினாள். பெருமைக்குத்தான் காட்டினாள்.

“லண்டன்ல தொறந்தா பவுண்ல காட்டும்மா. ஜப்பான்ல யென்ல. இங்க தொறந்தா நம்ம காசுலயே காட்டுது பாரு.”

புஷ்பம் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எட்டாயிரத்து எழுநூறு ரூபாய்.

“இது எத்தன கிலோவுக்கு?”

“அம்பது கிராம்மா. அந்தச் சின்ன டின்னு ஒண்ணு.”

“அஞ்சு நாள் மல ஏறுனாலும் ஒரு டின்னு வாங்க ஏலாதே,” என்றாள் புஷ்பம்.

மறுநாள் மலையில் மற்ற நான்கு பேரிடமும் சொன்னாள். மழை பெய்து குருத்து குறைந்த நாட்களில் அவர்களுக்கு அரைப் பேர்தான் விழும்; பாதி நாள் சம்பளம். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கிருஷ்ணராஜ் வந்தபோது புஷ்பம் முன்னால் போய் நின்றாள்.

“மழைன்னாலும் எங்க அஞ்சு பேருக்கும் முழுப் பேர் போடுங்க சேர். டின்னு என்ன வெலைக்குப் போகுதுன்னு பாத்துட்டோம்.”

“ஹரி, ஹரி. சரி, பார்ப்போம்,” என்று அவர் சிரித்தார். யார் காட்டியது என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை ஜீவராணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நம்ம நாட்ட எடுத்துரு தங்கச்சி. இங்கேருந்து யாரு தொறந்தாலும் கடையே தெரியக்கூடாது.”

பத்து நிமிட வேலை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, “வா, மலைக்குப் போவோம்,” என்றார்.

ஜீப்பில் போகும்போதுதான் அவள் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னார். “வெலையில ஒரு சைபர் கூட விழுந்திருச்சு. எண்ணூத்தி எழுபதுதான். ஒன் பிழை. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ அவங்க புள்ள, நீ சொல்லு.”

“சேர், அம்மா...”

“அம்மா இருக்கிற காம்பரா யாருட தோட்டத்துல இருக்கு?”

ஐந்து பெண்களும் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். ஜீவராணி தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள். அவர்களில் சின்னம்மா என்பவள் புஷ்பத்தின் பக்கத்துக் காம்பராக்காரி; அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தன் போனில் கடையைத் தேடினாள். வரவில்லை.

“பிழையத் திருத்த மூடி வெச்சிருக்கோம்,” என்றாள் ஜீவராணி.

சின்னம்மா புஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். “அப்ப எதுக்குடி எங்களக் கொண்டாந்து இவரு மொகத்துல முழிக்க வெச்ச?”

கிருஷ்ணராஜ் அவசரப்படவில்லை. “புஷ்பம் என்ன சொல்றீங்க?”

புஷ்பம் மகளைப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை. “மன்னிச்சுக்கங்க சேர்.”

“எனக்கு எதுக்கு? இவங்கதானே ஒங்கள நம்பி வந்தாங்க. ஒவ்வொருத்தராப் பேரச் சொல்லிக் கேளுங்க.”

புஷ்பம் நான்கு பேரையும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவது பெயரோடு நிறுத்தினாள். அவர் காத்திருந்து, நான்காவதையும் சொல்ல வைத்தார். “நாளையிலருந்து நீங்க குருத்துக்கு வர வேணாம். மேல் மலைக்குப் புல்லு வெட்டப் போங்க,” என்றார். பிறகு ஜீவராணியிடம் அன்பாகச் சொன்னார்: “இன்னிக்கு அம்மாவோட இரு. நாளைக்கு வந்தாப் போதும்.”

பின்னேரம் காம்பராவில் அம்மாவும் மகளும்தான். புஷ்பம் மகளிடம் கேட்டாள். “இங்க வேற யாரும் இல்ல ராணி. எது சரியான வெல?”

உண்மையைச் சொன்னால் அம்மா நாளைக்கே போய் மறுபடி அவர் முன்னால் நிற்பாள். அம்மாவைக் காப்பாற்றத்தான் மறைக்கிறோம் என்று ஜீவராணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் வேலையும் நினைவுக்கு வந்தது.

“எண்ணூத்தி எழுபதும்மா.”

புஷ்பம் தலையை ஆட்டினாள். “அப்ப சின்னம்மா ஏசுனது சரிதான்.”

எழுந்து முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வெளியே போனாள். நடுவில் இருந்தது மெல்லிய சுவர்தான். பக்கத்துக் காம்பரா வாசலில் பேசியது எல்லாம் ஜீவராணிக்குக் கேட்டது.

“காலையில அவரு சொல்லச் சொன்னாருன்னு சொன்னேன் சின்னம்மா. அப்ப மனசார வரல. இப்பதான் ராணி வெளங்கப்படுத்துனா. நெசமாவே என் பிழைதான். ஒங்க எல்லாரையும் கேவலப்படுத்திட்டேன்.”

 சின்னம்மா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா திரும்பி வரவில்லை. நால்வரில் இன்னொருத்தி இருந்த அடுத்த காம்பராவின் கதவைத் தட்டினாள்.