பதினைந்து மீட்டருக்குக் கீழே

ராக்கெட் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடைசிச் சரிபார்ப்பில் திரையில் ஓடிய வரிகளுக்கு நடுவே, படக்கருவிக்குப் பொறுப்பான அவள் அதைப் பார்த்துவிட்டாள். 'சிறு படகுகள்: அழி.' போன மாதம் அவளே தன் கையால் 'அனுப்பு' என்று மாற்றி வைத்தது. யாரோ திரும்ப மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! அந்த அதிகாரம் இந்தக் கட்டடத்தில் இன்னொருவருக்குத்தான் உண்டு.

ராக்கெட்டில் இருந்தது, கடற்படைக்காகக் கடலை வேவு பார்க்கப் போகிற செயற்கைக்கோள். எதிரியின் போர்க்கப்பல்தான் அதற்கு வேண்டும். பதினைந்து மீட்டருக்குக் குறைவான எதுவும் வெறும் அலை என்று, படம் தரைக்கு வருவதற்கு முன்பே மேலேயே துடைத்துவிடும். அவளுடைய அண்ணன் மீன் பிடிக்கப் போன படகு ஒன்பது மீட்டர். நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது என்று வயர்லெஸ்ஸில் ஒரு தடவை பேசினான், அவ்வளவுதான். தேடப் போனவர்கள், இவ்வளவு பெரிய கடலில் எங்கே என்று தேடுவது என்று கையை விரித்துவிட்டார்கள். சின்னப் படகுகளின் படத்தையும் அனுப்பினால் மீட்புப் படைக்குக் கொடுக்கலாமே என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். கடைசியில் இயக்குநரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது தன் முட்டாள்தனம் என்று இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து நேராக அவரிடம் போனாள்.

"சார், படகு செட்டிங்க மாத்தினது நீங்களா?"

"ஆமாம்மா. மீட்புப் படைக்கு இந்தப் படத்தைப் பாக்க அனுமதி இல்லையாம். யாரும் பாக்காத படத்தை எதுக்கு அனுப்பணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்."

"சொன்னா நீ சும்மா விடுவியா? மேல போனதுக்கப்புறமும் மாத்திக்கலாம். பாக்கலாம், பாக்கலாம். வெளிய மட்டும் மூச்சு விடாதே, இது ராணுவ ரகசியம்."

அவருக்கு முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயரே 'பாக்கலாம் சார்' என்பதுதான். சம்பள உயர்வு கேட்டாலும் பாக்கலாம், கழிவறைக் குழாய் ஒழுகினாலும் பாக்கலாம். இதுவரை எதையும் பார்த்ததாக வரலாறு இல்லை.

ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பிரிவாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

"எரிபொருள்?"

"தயார்."

"படக்கருவி?"

அறை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. கருவியில் பழுது ஒன்றும் இல்லையே, என்ன காரணம் சொல்லி நிறுத்துவது?

"தயார்" என்றாள். சொன்ன நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும் போல இருந்தது.

கண்ணாடிகள் அதிர்ந்தன. நெருப்பு மேலே போனது, பிரிய வேண்டியவை பிரிந்தன, செயற்கைக்கோள் தன் பாதையில் போய் உட்கார்ந்தது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் கேமராவைப் பார்த்து, "இனி நம் கடலில் ஒரு துரும்பு அசைந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும்" என்றார். கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார்.

அவள் வெளியே வந்து, வாசல் காவலாளியிடம் ஒப்படைத்திருந்த கைப்பேசியைத் திரும்ப வாங்கினாள். வாங்கிய கையோடு அது அடித்தது. அண்ணி.

"டிவியில பாத்தோம்! தெருவே நம்ம வீட்டுலதான் இருக்கு. துரும்பு அசைஞ்சாலும் தெரியுமாமே? அன்னிக்கு மட்டும் இது இருந்திருந்தா… சரி விடு. இனிமே எவளும் என்னை மாதிரி வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். இரு, ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாரும் உனக்குக் கை தட்டணுமாம்."

தட்டினார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களும், அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களும் தட்டினார்கள்.

"அண்ணி, தட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிடாதீங்க. எல்லாரும் கேக்கட்டும். இன்னிக்கு மேல போனது உங்க படகு ஒண்ணையும் காட்டாது. கண்ணுல பட்டாலும் அழிச்சிடும். அப்படி அழிக்கச் சொன்னது யாருன்னும் சொல்றேன், கேட்டுக்கோங்க."

காவலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கைப்பேசியைக் கேட்டுக் கையை நீட்டியபடி அவளை நோக்கி வந்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்று குரலை இன்னும் உயர்த்தினாள். அந்தப் பக்கம் கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. அண்ணி வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.