வேகவதிக் கரையில் ஒரு நேர்கோடு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பேச்சில் கிடைத்தது. 2005 மழையின்போது நான் குஜராத்தில் ஒரு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். காஞ்சிபுரத்தில் விடாத மழை என்று கேள்விப்பட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். ஆறு உடைத்துக்கொண்டதா என்று கேட்டேன்.

"ஆறு இன்னும் கரைக்கே வரலைபா. தறிக்குழியில தண்ணி நிக்குது" என்றாள். லைன் போய்விட்டது.

தறிக்குழி என்பது, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருவதற்காகத் தறிக்கு அடியில் வெட்டிய பள்ளம். ஆறு வெளியே இருக்கும்போதே வீட்டுக்குள் எப்படித் தண்ணீர் வந்தது? தெருவில் பெய்தது வெளியே போக வழியில்லாமல் மண்ணுக்குள் ஊறி, கீழிருந்து ஏறி வந்திருக்கிறது. இது எனக்குப் புரிய நாளானது. புரிந்தபோது சொல்ல ஆளில்லை. இங்கே என் அறையில் தமிழ் பேசுவது நான் மட்டும்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகவதி ஆறு இருக்கிறது, பிள்ளையார்பாளையம் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் வரும் ஆற்றங்கரைத் திட்டம் எங்கேயும் நடந்ததில்லை. கரைத் தெருவையும் அதில் இருக்கும் மனிதர்களையும் நான்தான் உண்டாக்கினேன். தேடிக்கொண்டு போகாதீர்கள்.

2

தொடக்கம் வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: "கோயில் நகரமாம் காஞ்சியில், பட்டின் பளபளப்பில் காலைக் கதிரவன் தன் முகத்தை…"

போதும். இது ஜவுளிக்கடைக் காலண்டர்.

பிறகு இப்படி: "பருவநிலை மாறிவருகிறது. ஒரு மாதம் பெய்யவேண்டிய மழை ஒரே வாரத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே பழைய நகரங்களின் நீர்க்கரைகளைப் புதுப்பிக்கும்போது…"

இதில் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் யாருடைய காலும் நனையவில்லை. கிழித்துப் போட்டேன்.

அடுத்த தாளில் ஒரு பெண் ஆற்றங்கரையில் சுண்ணாம்புப் பொடி வாளியோடு வந்து நின்றாள். அவளை அனுப்பிவிட முடியவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். சரி, சொல்லு என்று அவள் பக்கம் போய்விட்டேன்.

3

கமலாட்சி கரைத் தெருவில் பிறந்தவள். தெருவில் ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொல்லைப்புறம் வேகவதிதான். அப்பா போன பிறகு அண்ணன் உமாபதி தறியில் உட்கார்ந்து அவளைப் படிக்கவைத்தான். சென்னையில் கட்டடக்கலை படித்தாள். அதற்கு மேல், கட்டடத்துக்கு வெளியே இருக்கிற மண்ணையும் மரத்தையும் தண்ணீரையும் எப்படி வைப்பது என்கிற படிப்பும் படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பெருமழைக்கு அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிக்கு வேகவதிக் கரையைச் சீர்படுத்தும் வேலை வந்தது. கமலாட்சி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் கேட்டது சுவர். தெரு கேட்டது. வேலையை மேற்பார்க்கும் அரசாங்க இன்ஜினியர் பரமசிவமும் கேட்டார். சுவர் என்றால் கண்ணுக்குத் தெரியும், நாளைக்கு ஏதாவது ஆனால் கையை நீட்டிக் காட்டலாம், புல்லைக் காட்டி நான் மேலே என்ன பதில் சொல்வது என்று அவளிடம் மெதுவாகவே கேட்டார்.

(பரமசிவத்தை முதலில் கமிஷன் வாங்குகிறவராக எழுதினேன். எழுதச் சுலபமாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அடுத்த மழையை நினைத்தால் தூக்கம் வராத மனுஷன் அவர், அவ்வளவுதான்.)

கமலாட்சியின் படத்தில் சுவர் இல்லை. கரையைச் சரிவாக வெட்டி, ஆற்றை ஒட்டிக் கோரையும் வெட்டிவேரும் வைத்திருந்தாள். அதற்கு மேலே அகலமான ஒரு கல் தளம். இடுக்குகளில் சிமெண்ட் கிடையாது, தண்ணீர் இறங்கவேண்டும். தெருவின் மழைநீர் முழுக்க அந்தத் தளத்துக்கு வந்து ஆற்றில் இறங்கும். பெருமழையில் ஆறு ஏறினால் தளம் மூழ்கும். மூழ்குவதற்குத்தான் அதைப் போட்டிருந்தாள்.

கோயில் மண்டபத்தில் தெருவைக் கூட்டிவைத்து, போன மழையில் யார் வீட்டுக்குள் ஆறு வந்தது என்று கேட்டாள். யாரும் கை தூக்கவில்லை. யார் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் வந்தது என்று கேட்டாள். எல்லாக் கையும் ஏறியது.

"சுவர் ஆத்தைத்தான் நிறுத்தும். கீழருந்து ஊறுற தண்ணிய நிறுத்தாது. தெருவுல பெய்யறத வெளிய போவவும் உடாது" என்றாள்.

கூட்டம் யோசித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து அவள் அண்ணன் உமாபதி சொன்னான்: "மூழ்கிப் போறதுக்குன்னே ஒண்ணு கட்டுறேன்ற. இதுக்குத்தான் இவ்ளோ படிச்சியாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவள் தோற்றுவிட்டாள். ஆனால் உட்காரவில்லை. பாவுப் பேச்சை எடுத்தாள்.

பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தெருவில் நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடவேண்டும். இப்போது தெருவில் பாதிப் பாவு விரிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து ஹாரன் அடிக்கிறது. ஷேர் ஆட்டோக்காரன் திட்டுகிறான். நூலைத் தூக்கித் தூக்கிப் பிடிப்பதில் இழை அறுகிறது.

"அந்தத் தளத்துல விரிச்சிக்கோங்க. வண்டி வராது. ஐப்பசி, கார்த்திகையில ஆறு அத எடுத்துக்கும். மழை மாசத்துல நீங்களும் வெளிய பாவு விரிக்கறது இல்ல. மத்த மாசம் அது உங்களுது."

யாரும் சிரிக்கவில்லை. உமாபதியின் மனைவி இந்திராணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இது நல்லாத்தான் இருக்குது" என்றாள். உமாபதி திரும்பி அவளைப் பார்த்தான்.

பரமசிவமும் கொஞ்சம் இறங்கி வந்தார். "எனக்கு அங்க ஒரு பாவு நின்னு காட்டட்டும்மா. ஜனங்களுக்கு உபயோகம்னு நான் எழுதிக் குடுத்துடறேன். நிக்கலைன்னா சுவர்தான்."

4

இங்கே ஒரு குட்டு இருக்கிறது.

முதல் இரண்டு முறை எழுதியபோதும் அந்தத் தளம் ஆற்றோடு சேர்ந்து வளைந்து போயிற்று. "ஆறு திரும்பும் இடத்தில் தானும் திரும்பி" என்று ஒரு வரி வைத்திருந்தேன். அதை எனக்கு நானே சத்தமாகப் படித்துக்காட்டிக்கொண்டேன். மூன்றாம் முறை எழுதும்போதுதான் உறைத்தது. இழுத்துக் கட்டிய பாவு வளையாது. நெசவுக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வரி அழகாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தப்பைத் திருத்தவில்லை. கமலாட்சியின் தலையில் கட்டிவிட்டேன்.*

அதனால்தான் அவள் அன்று காலையில் வாளியோடு கரையில் நின்றாள். படத்தைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே நடந்தாள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். கோடு வில்லாக வளைந்து கிடந்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

இந்திராணி பல்பொடிக் கையோடு கொல்லைக்கு வந்தாள். "இன்னா கமலா, காலங்காத்தால ஆத்துக்குக் கோலமா?"

"தப்பா போட்டுட்டேன் அண்ணி."

காலாலேயே கோட்டை அழித்தாள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் முளை அடித்து ஒரு கயிற்றை இழுத்துக் கட்டப் போனாள். கயிறு எல்லா வீட்டுக் கொல்லையையும் தொடாமல் தாண்டிவந்து, ஒரே ஒரு இடத்தில் முட்டியது. பத்து வருஷத்துக்கு முன்னால் உமாபதி ஆற்றுப்பக்கம் நீட்டிக் கட்டிய தறி அறை. சரியாக அதன் பக்கக் கதவில்.

(கொஞ்சம் ஆற்றுப்பக்கம் தள்ளிப் போட்டால் என்ன என்பீர்கள். அந்த இடத்தில்தான் ஆறு உள்ளே வளைந்து வருகிறது. தள்ளினால் சரிவுக்கு இடமில்லை. அப்புறம் சுவர்தான்.)

சுவர் கட்டினால் யார் வீடும் போகாது. வளைத்துப் போட்டாலும் போகாது. நேராகப் போட்டால் அண்ணன் வீட்டு அறை போகும்.

* அவளும் நெசவு வீட்டுப் பெண்தான். அவள் படமும் அழகாகத்தான் இருந்தது. கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த ஸ்ரீவர்தன், சின்ன காஞ்சிபுரத்துக்காரர், அந்த வளைவைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொண்டார். மெச்சிய வரியை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

5

உமாபதியை நான் ரொம்ப நாள் சந்தேகப்பட்டேன். முரடன், தங்கை பெரிய ஆளாகிவிட்டாள் என்கிற பொறாமைக்காரன் என்று எழுதிப் பார்த்தேன். அப்புறம் நான் எழுதினதையே மறுபடி படித்தேன். அறை கட்டியது பத்து வருஷத்துக்கு முன்னால். அவள் காலேஜில் சேர்ந்ததும் அப்போதுதான். அந்த அறையில் இரண்டாவது தறி ஓடியதால்தான் அவள் படித்தாள்.

இதை நான் திட்டம் போட்டு வைக்கவில்லை. கண்ணில் பட்டதும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து, அவளை அந்த அறைக்குள் அனுப்பினேன்.

உமாபதி தறியில் இருந்தான். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. குழியின் சுவரில் மழைத்தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரிந்தது. அவள் வந்ததைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை.

"கயிறு எங்க முட்டுது?"

"பக்கக் கதவுல."

"எவ்ளோ போவும்?"

"இந்தத் தறி இங்க நிக்காதுண்ணா."

நாடா நின்றது. "சுவரே கட்டிட்டுப் போயேன். யாருக்கும் ஒண்ணும் போவாது. உனக்கும் நல்ல பேரு."

"அடுத்த மழைல இதே குழியில தண்ணி நிக்கும். அப்ப வெளிய சுவர் இருக்கும். தண்ணி எங்க போவும்?"

"அப்ப வளைச்சிப் போடு. படத்துல அப்பிடித்தான இருந்துது?"

"வளைச்சா அது சாயங்காலம் காத்து வாங்க வர்றவங்க நடக்குற எடமா பூடும். ஒரு பாவு நிக்காது. மூழ்கறதுக்கு எடம் குடுக்கறது நீங்க, அனுபவிக்கறது வேற யாரோ. அதுக்கு நான் படம் போட மாட்டேன்."

உமாபதி நூலில் விரலை ஓட்டினான். "ஊரான் வூட்டுக் கதவா இருந்தா இவ்ளோ தைரியமா கயிறு கட்டுவியா?"

கமலாட்சி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மாட்டேன். பயந்துக்கினு வளைச்சிருப்பேன். நம்ம வூடுன்றதாலதான் நேரா வந்து கேக்குறேன்."

முதல் தறி இருக்கும் முன்பக்க அறையில் தரையை உயர்த்தி, தண்ணீர் ஊறாதபடி குழியைக் கட்டி, தறியை அங்கே மாற்றித் தருவதாகச் சொன்னாள். இரண்டு தறியும் ஒன்றோடொன்று இடிக்கும், நெருக்கடியாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"நான் ஒத்துக்கலன்னா?"

"உன்ன மீறி இடிக்க மாட்டேண்ணா. ஆனா கயித்த நவுத்த மாட்டேன்."

உமாபதி மறுபடி நாடாவை எடுத்தான். "போயி சோறு தின்னு. அண்ணி எடுத்து வெச்சிருக்கா."

அவன் சம்மதித்தானா? எனக்குத் தெரியவில்லை. "சரி" என்ற ஒரு சொல்லை அவன் வாயில் வைக்க எத்தனையோ தடவை முயற்சி பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அது என் குரலில் வந்தது.

6

முடிவுகள்.

ஒன்று: உமாபதியே கடப்பாரையை எடுத்து வந்து அறையை இடிக்கிறான். தெரு கை தட்டுகிறது. இதில் அவன் நல்லவனாகிவிடுகிறான், கூடவே நானும் நல்லவனாகிவிடுகிறேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: சுவர் எழும்புகிறது. கமலாட்சி சென்னைக்கு பஸ் ஏறுகிறாள். ஐப்பசி வருகிறது. தறிக்குழியில் மறுபடியும்…

இல்லை. இதை எழுதக் கை வரவில்லை. தோற்றதைச் சொல்ல நான் எதற்கு, இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு?

எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. மழையில் தளம் மூழ்குகிறது, எந்த வீட்டுக் குழியிலும் தண்ணீர் இல்லை. மார்கழியில் கல் வெளியே தெரிகிறது. தையில் அதன்மேல் சிவப்புப் பாவு ஒன்று, நேராக. இதை ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் இது வரவேண்டுமென்றால் முன்னால் ஒருவர் ஒரு காரியம் செய்யவேண்டும். அதை நான் செய்ய முடியாது. ஆக, அந்தக் காலை வரைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

7

பரமசிவம் சொன்னபடி வந்துவிட்டார். வெறும் மண் கரைதான், இன்னும் ஒரு கல் பதிக்கவில்லை. பாவு மட்டும் நின்று காட்டவேண்டும்.

தெருவில் யாரும் தங்கள் பாவைத் தர முன்வரவில்லை. இந்திராணி உள்ளே போய்த் தன் வீட்டுப் பாவையே எடுத்து வந்தாள். அந்த இரண்டாவது தறியில் அடுத்து ஏறவேண்டிய பாவு. உமாபதி அறைக்குள் தறியில் இருந்தான். அவள் எடுத்ததை அவன் பார்த்தான், நாடாவை மறுபடி ஓட்டினான். பக்கக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

கயிறு தொடங்கும் கோடியில், பாவின் ஒரு முனையில் கோத்த கோலைக் கமலாட்சி தானே பிடித்துக்கொண்டாள். தெருப் பெண்கள் நடுவில் நின்று தாங்கினார்கள். கஞ்சி தெளித்தாயிற்று. நூல் கரையின் மேல் நேராக ஓடி, இந்திராணியின் கையில், மூடிய கதவுக்கு முன்னால் வந்து நின்றது. மிச்சப் பாவு விரியாமல் அவள் கையில் சுருளாக இருந்தது. அது விரிய அறையின் நீளம் வேண்டும். கதவைத் திறந்து, உள்ளே ஒருவர் முனையை வாங்கிப் பிடிக்கவேண்டும். பிடித்தால் அந்த அறை தளத்தின் வழியில் இருக்கிறது என்று அந்த வீடே ஒத்துக்கொண்ட மாதிரி.

வெயில் கோரைக்கு மேலே ஏறிவிட்டது. பரமசிவம் கதவைப் பார்த்தார், கமலாட்சியைப் பார்த்தார்.

"போதும்மா. விட்டுடலாம்."

"நிக்கிறேன் சார்" என்றாள். கோலைத் தளர விடவில்லை. தளர்ந்தால் ஈரநூல் ஒட்டிக்கொள்ளும், அத்தனையும் வீணாகும்.

உள்ளே நாடா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை மட்டும் நான் நிறுத்துகிறேன்.

நிறுத்திவிட்டேன். இனி அறைக்குள் உமாபதியை எழுதப்போவதில்லை. தறியில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் கால் குழிக்குள் இருக்கிறது. போன மழையின் ஈரம் அதன் மண்ணில் இன்னும் முழுதாகக் காயவில்லை, பாதத்தில் தெரியும். தங்கையைப் படிக்கவைத்த தறி உங்கள் முன்னால் இருக்கிறது. அந்தத் தங்கை வெளியே கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கை விடாது. அவளை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் இந்திராணியின் குரல் கேட்கிறது.

"கஞ்சி காயுது."

தாழ்ப்பாள் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.